வீட்டில் கிடைத்த பழங்காசு: சோதனைக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா?

பெரியவர் ஒருவர் காலமான வீட்டில் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பிஸ்கட் டின் அகப்படும். உள்ளே பழைய பாஸ்போர்ட், மங்கிப்போன ரசீதுகள், ஒரு துணி முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் காசுகள். அடுத்த அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறிவிடும். யாராவது ஒருவர் யூடியூப்பில் பார்த்ததை வைத்து "இது ஒண்ணே பல லட்சம் போகும்" என்பார். இன்னொருவர் உடனே அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கச் சொல்வார். சிங்கப்பூர் தேக்காவில் தெரிந்த நகைக்கடையில் கொடுத்துவிடலாம் என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே அவசரம்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டுவது இந்த வரிசையில் பின்னால் வரவேண்டிய வேலை. அதுவும் அந்தச் சான்றிதழ் உங்கள் முடிவை மாற்றும் என்றால் மட்டுமே. அதற்கு முன்னால் செலவில்லாமல் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

படி 1: விளக்காதீர்கள்

நம் வீடுகளில் இதுதான் முதல் ஆபத்து. கறுத்துக் கிடக்கும் வெள்ளியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. புளி, விபூதி, பித்தளைக்குப் போடும் பாலிஷ், பல் தேய்க்கும் பொடி என்று எதையாவது போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவோம். "தம்பி, நல்லா வெளக்கி வெச்சிருக்கேன், இப்ப பாரு எவ்வளவு அழகா இருக்கு" என்று அத்தை எடுத்து நீட்டும்போது, அந்தக் காசின் சேகரிப்பு மதிப்பில் பெரும்பங்கு போயிருக்கும்.

காரணம் இதுதான். அச்சில் அடிபடும்போது உலோகம் ஓடிய மெல்லிய தடங்கள் காசின் மேற்பரப்பில் பதிந்திருக்கும். புதுக் காசைச் சாய்த்தால் ஒளி சுழல்வதுபோல் தெரிவது அதனால்தான். தேய்த்தால் அந்தத் தடங்கள் அழிந்து, அவை இருந்த இடத்தில் முடி போன்ற கீறல்கள் ஒரே திசையில் விழும். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் எந்த வியாபாரியும் இதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கறுப்பு நிறம் குறையே இல்லை. பல ஆண்டுகளாக ஏறிய நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு.

விளிம்பைப் பிடித்து எடுங்கள், மெத்தென்ற துணியின்மேல் வையுங்கள். மென்மையான பிளாஸ்டிக் உறையில் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். பிவிசி கலந்த பழைய உறைகள் நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும் கசிந்து காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்குக்கு மட்டும் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைக்கலாம், அப்போதும் தேய்க்கக்கூடாது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பூசையறையில் இருந்த காசில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 2: கையில் இருப்பது என்ன?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் டின்களில் வழக்கமாக நான்கைந்து வகைக் காசுகள்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கதை வேறு.

முதலில், பெரிய வெள்ளிக்காசுகள். முடிசூடிய எட்டாம் எட்வர்டு என்று சிலர் தவறாகச் சொல்லும் மன்னர் உண்மையில் ஏழாம் எட்வர்டு. அவர் தலை பொறித்த நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலான பிரிட்டிஷ் பகுதி) வெள்ளி, அதாவது டாலர், 1903இல் தொடங்கியது: 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. 1906இல் அதன் மதிப்பை பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டினார்கள். அப்புறம் வெள்ளி உலோகத்தின் விலை ஏற, காசை உருக்கினால் கூடுதல் பணம் கிடைக்கும் நிலை வந்தது. அதனால் 1907இல் காசை 20.21 கிராமாகச் சுருக்கினார்கள். முதல் உலகப் போரை ஒட்டி வெள்ளி விலை மறுபடி ஏறியபோது, 1919இல் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளியை 16.85 கிராமாக்கி, அதில் கலக்கும் வெள்ளி உலோகத்தையும் 50 விழுக்காடாகக் குறைத்தார்கள். ஆக, 'ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர்' என்ற ஒரே பெயரில் மூன்று எடை உண்டு. உங்கள் காசின் ஆண்டுக்கும் எடைக்கும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே சந்தேகப்படலாம்.

அதோடு சேர்ந்தே கிடக்கும் இன்னொன்று, சூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பெண் உருவத்தோடு வரும் பிரிட்டிஷ் வர்த்தக டாலர். இது 1895 முதல் 1935 வரை அடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் சீன எழுத்தும், மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தும் இருக்கும். பம்பாயில் அடித்ததென்றால் சூலத்தின் நடுமுனையில் மிகச் சிறிய 'பி' (B) எழுத்து தெரியும். சில காசுகளில் சீன வணிகர்கள் சரிபார்த்து வெட்டிய சிறு முத்திரைகள் இருக்கும். பொதுவாக விலையைக் குறைக்கும் என்றாலும், அந்த முத்திரைகளுக்காகவே காசு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஊரிலிருந்து வந்த ரூபாய்கள். விக்டோரியா காலம் முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், 91.7 விழுக்காடு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகிவிட்டது, 1947இல் வெறும் நிக்கல். பெரும்பாலான ஆண்டுகளின் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. விதிவிலக்காகப் பேசப்படுவது 1911ஆம் ஆண்டு ரூபாய். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப்போல் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதால் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். 1939 பம்பாய் ரூபாயும் தேடப்படும் காசு. அதனாலேயே போலியும் அதிகம்.

மூன்றாவது, தங்கப் பவுன், அதாவது பிரிட்டிஷ் சாவரின் காசு. 7.98 கிராம், 22 காரட், விட்டம் 22 மில்லிமீட்டர். லண்டன், ஆஸ்திரேலியா மட்டுமல்ல, 1918இல் பம்பாயிலும் அடித்தார்கள். அதில் ஆண்டுக்கு மேலே 'ஐ' (I) என்ற ஆங்கில எழுத்து இருக்கும். காசுமாலையில் கோத்த பவுனில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். தழும்பு விழுந்தால் அது தங்க விலைக்குத்தான் போகும். வளையத்தை அறுத்து எடுத்தாலும் தழும்பு போகாது. இன்னொரு சிக்கல், தங்கம் அசலாகவே இருந்தும் காசு போலியாக இருக்கலாம். 1950, 60களில் லெபனானில் சரியான தங்கத்தில் பவுன் அடித்துத் தள்ளினார்கள். காசுமாலைக்காக உள்ளூர்ப் பட்டறைகளும் பவுன் மாதிரியில் அடித்திருக்கின்றன.

நான்காவது, 1967 முதலான சிங்கப்பூர்க் காசுகள். அடுக்குமாடி வீடும் நீரூற்றும் கொண்ட ஒரு காசு (செண்ட்) நாணயம், கடற்குதிரை போட்ட பத்துக் காசு ஆகியவை இன்றும் செல்லும். புழங்கித் தேய்ந்தவற்றுக்கு முகமதிப்புக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 1981இல் தொடங்கிய சேவல், நாய், பன்றி ஆண்டுகளின் பத்து வெள்ளி நிக்கல் காசுகளைப் பரிசாக வாங்கி வைத்த வீடுகள் ஏராளம்; அதனால் அவற்றுக்கும் பெரிய விலை இல்லை. 1969இல் நவீன சிங்கப்பூர் நிறுவப்பட்ட 150ஆம் ஆண்டுக்காக வந்த 150 வெள்ளித் தங்கக்காசு, ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் பொறித்தது, மட்டும் வேறு கதை. ஏறத்தாழ 25 கிராம் இருப்பதால் தங்க விலையே கணிசம். சாதாரண வகை 198,000 அடிக்கப்பட்டது. கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் வகை 500 மட்டுமே.

கடைசியாக, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒருபக்கம், 'கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818' என்று மறுபக்கம் போட்ட செம்புக்காசு. இதைப்பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் கோயில் வாசல்களில் விற்ற வில்லைகள் இவை. பூசையில் வைத்துக் கும்பிடத் தடையில்லை. ஆனால் இது அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று யார் சொன்னாலும் அது 'ரைஸ் புல்லிங்' மோசடி. தமிழ்நாட்டில் இதில் வீட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பழசு என்றால் அபூர்வம் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் ஆண்டு பத்துக் காசு, இருபது காசுச் செம்புகள் இருநூறு ஆண்டு கடந்தவை. ஆனால் அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். இன்று அவை சில பத்து வெள்ளிக்கே கிடைக்கும்.

படி 3: சாப்பாட்டு மேசையில் செய்யும் சோதனை

ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு வெர்னியர் அளவுகோல், ஒரு காந்தம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும்.

காந்தம் இழுத்தால் அது வெள்ளியோ தங்கமோ இல்லை. இழுக்காவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். எடையில் கொஞ்சம் குறைவு தேய்மானமாக இருக்கலாம். முகம் தேய்ந்த ரூபாய் 11.4 கிராம் காட்டினால் பயப்பட வேண்டாம். முகம் கூர்மையாக இருந்தும் எடை குறைந்தால், அல்லது எடை கூடுதலாக இருந்தால், கவலைப்படுங்கள்.

தண்ணீர்ச் சோதனையில்தான் நிறையப் போலிகள் மாட்டும். டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கும்படி கையால் தொங்கவிடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் லேசாக அசைத்து விடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும். 26.95 கிராம் எட்வர்டு வெள்ளிக்குத் தராசு 2.6 ஒட்டிக் காட்டவேண்டும், அடர்த்தி 10.3 வரும். 3.0 காட்டினால் அடர்த்தி 9. அது செம்போ நிக்கலோ கலந்த போலி. பவுனுக்கு 0.45 ஒட்டி வரும்.

பிறகு விளிம்பைப் பாருங்கள். வார்ப்பில் செய்த போலிகளில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும், பற்கள் சமமாக இருக்காது, பரப்பில் ஊசிக்குத்துபோல் துளைகள் தெரியும். ஆண்டு எண்ணைத் தனியாகப் பாருங்கள். அரிய ஆண்டாக்குவதற்காக ஒரு இலக்கத்தைச் சுரண்டியோ ஒட்டியோ வைத்திருப்பார்கள்.

நகைக்கடையில் கேட்பதென்றால் ஒரு எச்சரிக்கை. பழைய பழக்கத்தில் உரைகல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மாற்றுப் பார்ப்பார்கள். அந்தத் தேய்ப்பு காசில் நிரந்தரத் தழும்பு. "அண்ணே, கல்லுல உரைக்க வேணாம், மெஷின்ல மட்டும் பாருங்க" என்று கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே கருவி கீறாது. ஆனால் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும்.

படி 4: இது யாருடைய சொத்து?

பலர் தாண்டிப்போகும் படி. டின் உங்கள் வீட்டில் இருந்ததாலேயே காசு உங்களுடையது ஆகிவிடாது. உயில் இருந்தால் உயில்படி, நிறைவேற்றுநர் கையில். உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சட்டப்படி துணைவருக்குப் பாதி, மீதியைப் பிள்ளைகள் சமமாகப் பிரிக்கவேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிள் என்ற இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டு முறை. மரபுரிமை வரி பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. 2008 பிப்ரவரி 15 முதலான மரணங்களுக்கு அது கிடையாது. பரம்பரைக் காசை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கும் இங்கே மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால்தான் வேறு.

கூடப்பிறந்தவர்கள் இருந்தால் இருபக்கமும் படம் எடுத்து, எடையோடு ஒரு பட்டியல் போட்டு எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், விலை தெரிவதற்கு முன்னால். விலை தெரிந்த பிறகு அனுப்பினால் சித்தப்பா வீட்டிலிருந்து கேள்வி வரத்தான் செய்யும்.

காசு இன்னும் தஞ்சாவூரிலோ சிவகங்கையிலோ இருக்கிறதா? நூறு ஆண்டு கடந்த காசு இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துவர முடியாது. தாத்தாவின் காசுதானே என்று கைப்பையில் போட்டுக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறாதீர்கள்.

படி 5: நிஜ விலை

இணையத்தில் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. கரோசெல்லில் ஒருவர் 5,000 வெள்ளி என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. முடிந்த ஏலங்களின் பதிவுகளைப் பாருங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளைப் படத்தோடு இலவசமாகவே காட்டுகின்றன. நியூமிஸ்டா தளத்தில் எடை, உலோகம், எத்தனை அடித்தார்கள் என்ற விவரம் கிடைக்கும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்திலும் தேடிப்பார்க்கலாம்.

அடிமட்ட விலையை நீங்களே கணக்கிடலாம். 1903 வெள்ளியில் சுத்த வெள்ளி 24.26 கிராம், பழைய ரூபாயில் 10.69 கிராம், பவுனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய உலோக விலையால் பெருக்கினால் போதும். இதற்குக் கீழே யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடகுக்கடையில் பெரும்பாலும் இந்த எடைக் கணக்குதான். அரிய ஆண்டு என்பதெல்லாம் அங்கே செல்லாது.

பிறகு நேரில் காட்டுங்கள். நார்த் பிரிட்ஜ் ரோட்டில் பெனின்சுலா கடைத்தொகுதிகளின் பக்கம் காசுக் கடைகளைத் தேடிப் போகலாம். இரண்டு மூன்று கடைகளில் "விற்கிறேனோ இல்லையோ, என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். வியாபாரிக்கும் லாபம் வேண்டும், அதனால் ஏல விலையைவிடக் குறைவாகத்தான் சொல்வார். நீங்கள் கவனிக்க வேண்டியது, கடைக்குக் கடை விலை எவ்வளவு மாறுகிறது என்பதை.

படி 6: சான்றிதழ் தேவையா?

உலகச் சந்தையில் பெரும்பாலும் செல்லுபடியாவது பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் சான்று. காசு அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரை தரம் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் எண்ணோடு அடைத்துத் தருவார்கள். 60ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. விளக்கிய, கீறிய, வளையம் பற்றவைத்த காசுக்கு எண் தரமாட்டார்கள். 'டீடெய்ல்ஸ்' என்று குறையைக் குறிப்பிட்டு அடைத்துவிடுவார்கள். கட்டணம் என்னவோ அதற்கும் உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கு. கடைகள் எல்லாம் உங்கள் காசுக்கு 120, 130, 125 வெள்ளி சொல்கின்றன. கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்து 100 வெள்ளி ஆகிறது. சான்றோடு அதே தரக் காசு ஏலத்தில் 180க்குப் போகிறது. அனுப்பினால் நட்டம். வேறொரு காசுக்கு ஒரு கடை 800 என்கிறது, இன்னொன்று 2,500 என்கிறது, மூன்றாவது கடைக்காரர் "இது அசலா என்றே தெரியவில்லை" என்கிறார். இதற்குத்தான் சான்றிதழ். சந்தேகத்தின் விலை சான்றிதழின் விலையைவிடப் பல மடங்கு. அனுப்புங்கள்.

காசைப் பிரிக்கும்போது ஒரு பிள்ளை காசையும் மற்றவர் பணத்தையும் எடுத்துக்கொள்வதாக இருந்தாலும், நல்ல மதிப்புள்ள காசுக்கு வெளியார் சான்று நல்லது. வீட்டுச் சண்டையைவிடக் கட்டணம் மலிவு.

நேரடியாக அனுப்புவதைவிட, இந்த நிறுவனங்களுக்கு மொத்தமாக அனுப்பும் உள்ளூர் வணிகர் வழியாகப் போவது எளிது. நீங்களே அனுப்பினால், சொந்தப் பொருளே திரும்பி வருகிறது என்று காட்டும் ஏற்றுமதி ஆவணத்தை வைத்திருங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கேட்கக்கூடும். கொடுக்கும் முன் இருபக்கமும் விளிம்பும் படம் எடுத்து, ரசீதில் எடையையும் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே பெட்டியில் அடைத்த காசு கிடைத்திருந்தால், எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டியிலேயே போலி உண்டு.

படி 7: வைத்துக்கொள்வதென்றால்

விலை குறைவான காசை வைத்துக்கொள்வதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. தாத்தா துறைமுகத்தில் வாங்கிய முதல் சம்பளத்திலிருந்து எடுத்துவைத்த வெள்ளி என்றால், கடையில் கிடைக்கும் நூறு இருநூறுக்கு அதைக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. காசு முழுக்கப் பணமாகவே வேண்டும் என்ற நிலை இருந்தால் அது வேறு.

கடினமான பிளாஸ்டிக் வில்லையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள். செம்புக்காசில் வெளிர்பச்சைத் தூள் கிளம்பினால் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். விலை அதிகமென்றால் வீட்டுக் காப்பீட்டில் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும். பல திட்டங்களில் காசுச் சேகரிப்புக்குச் சிறிய உச்சவரம்புதான் இருக்கும். யாருடைய காசு, எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் போடுங்கள்.

படி 8: விற்பதென்றால்

சாதாரணக் காசுகளுக்குக் கடை போதும். ஒரே நாளில் பணம் கையில். மொத்தமாகக் கொடுக்காதீர்கள், நல்ல காசு இரண்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை எடைக்குக் கேட்பது வழக்கம், அப்படிக் கேட்டால் எந்த இரண்டு என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தங்கம், வெள்ளி வணிகர்கள் 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கப் பரிமாற்றம் என்றால் அடையாள விவரம் கேட்பார்கள், அது சட்டம். கரோசெல்லில் விற்றால் எம்ஆர்டி நிலையத்தில் பட்டப்பகலில் சந்தித்து, பேநவ் பணம் உங்கள் வங்கிச் செயலியில் வந்ததைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவேண்டாம்.

இந்தியாவிலிருந்து யாராவது அழைத்து, உங்கள் ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்றால் தொடர்பைத் துண்டியுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த ஏமாற்று நடப்பதால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. காசு வாங்க வருபவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். சந்தேகமென்றால் 1799 என்ற மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

அரிய காசு என்றால் ஏலம். விற்பவரிடம் தரகு எவ்வளவு, படம் எடுப்பதற்கும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா, விற்காவிட்டால் கட்டணம் உண்டா, பணம் எத்தனை வாரத்தில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவரும் சுத்தியல் விலைக்கு (ஏலத்தில் முடிவான விலைக்கு) மேல் குறிப்பிட்ட விழுக்காட்டில் கட்டணம் கட்டுவார், அதையும் கழித்துத்தான் அவர் ஏலம் கேட்பார். குறைந்தபட்ச விலையை ஆசைக்கு உயர்த்தி வைத்தால் காசு விலைபோகாமல் திரும்பிவிடும். சேகரிப்பாளர்கள் வட்டம் சிறியது, திரும்பிய காசு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படியானால் அடுத்த ஏலத்திலேயே அதே காசைப் போடாமல் ஓராண்டு பொறுங்கள், அல்லது முதலில் நல்ல விலை சொன்ன கடைக்குத் திரும்பிப் போய்க் கேளுங்கள்.